சுறாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

டென்மார்க்கில் யாரும் விலை பேசுவதில்லை. நான் பேசுவேன். எங்கள் ஊரான கிரின்ஸ்டெட்டில் பழைய கார் விற்கிறவர்கள் என்னைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள். அடிபட்டுப் படித்த படிப்பு. கோபமும் கூடவே வந்தது. மேலாளர்களோடு கொழுவிக்கொண்டு நான் தொழிற்சாலை தொழிற்சாலையாக வெளியே வந்த காலமெல்லாம் வீட்டில் அடுப்பு எரிந்தது என் மனைவி தவமலரின் சம்பளத்தில். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கினால் எனக்குச் சோறு செமிக்காது.

முதியோர் இல்லத்தில் அவளுக்கு இருபத்தைந்து வருட வேலை நிறைந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். தங்கச் சங்கிலியென்றால் கடைக்காரனை அழ வைக்கத் தயாராக இருந்தேன். அவள் கேட்டது ஒரு சாப்பாடு. பக்கத்து ஊர்க் களியாட்டப் பூங்காவின் உணவகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுறா ஓட, இந்தப் பக்கம் இருந்து வயிறாரச் சாப்பிட வேண்டுமாம்.

விலைப்பட்டியலைப் பார்த்தேன். ஒரு தட்டு மீனின் விலைக்கு வலையோடு படகே வாங்கலாம். அங்கே பேரம் செல்லாது. மூளை செல்லும். வெள்ளிக்கிழமைக்கு மேசை பதிவு செய்தேன். எங்கள் வீட்டில் வெள்ளி சைவம். அந்த உணவகத்தில் சைவமென்றால் பொரித்த உருளைக்கிழங்குதான். சண்டைக்கு வருவாளென்று பதில்களைக் கூட அடுக்கி வைத்திருந்தேன். "ஓமப்பா, நல்ல நாள்," என்றாள். சீட்டியடித்தபடி காரைக் கழுவினேன்.

கண்ணாடியோரம் இருந்தோம். திருக்கை ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. தவமலரின் முகமெல்லாம் நீல வெளிச்சம். இவ்வளவு காலமும் இவளை ஓரிடமும் கூட்டி வரவில்லையே என்று மனம் இளகியது. அந்த இளக்கத்தோடேயே, பரிமாற வந்த பெண்ணிடம் இரண்டு தட்டு உருளைக்கிழங்கு சொன்னேன்.

ஒன்று போதும் என்று தவமலர் டெனிஷில் திருத்தினாள். தனக்கு இறால், சால்மன், கணவாய் எல்லாம் அடுக்கிய பெரிய தட்டைச் சொன்னாள்.

அந்தப் பெண் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேரும், இண்டைக்கு வெள்ளியெல்லோ?"

"உங்களுக்கு வெள்ளி. நான் செவ்வாயே விரதம் பிடிச்சு முடிச்சிட்டன்."

"ஆரைக் கேட்டு?"

"சாமியறை அம்மாளைக் கேட்டுத்தான். விளக்கேத்திப்போட்டுக் கதைச்சன். இந்தக் கிழமை மட்டும் வெள்ளிக்குப் பதிலா செவ்வாயை எடுங்கோ எண்டன். முதல் அம்மாள் அசையேல்லை. அடுத்த மாசம் ஒரு நாள் பச்சைத்தண்ணி விரதம் எண்டு கூட்டிக் குடுத்தன். உடனை படத்திலை இருந்து பூ விழுந்தது."

சாமியோடு பேரம் பேசலாம் என்று எனக்கு இத்தனை வயதில் தோன்றவில்லை. கோபப்பட வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது.

தட்டு வந்தது. அவள் சாப்பிட்டாள். அவசரமில்லாமல், சுறாவைப் பார்த்துப் பார்த்து. இருபத்தைந்து வருடமாகப் பிறத்தியாருக்கு ஊட்டிய கை, தனக்கு ஊட்டுவதை அன்றுதான் கண்டேன். அம்மாளே, இவளை எனக்குத் தந்தாயே என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு முள்ளுக்கரண்டியை எடுத்து மெல்ல அவளுடைய தட்டுப் பக்கம் நீட்டினேன்.

"அப்ப எனக்கும் அந்தச் செவ்வாயையே எடுப்பமே?"

தவமலர் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"செவ்வாய் நான் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிடேக்கை, உங்களுக்கெண்டு நண்டுக்கறி வைச்சனான். ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டீங்கள். உருளைக்கிழங்கு ஆறுது."