எல்லாப் பாடமும் படித்தவன்

நான் கல்லூரியில் என்ன படித்தேன் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் "ஏதோ படிச்சேங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அடக்கமானவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமெல்லாம் இல்லை, அலுப்பு. சரியான பதிலைச் சொல்லப்போய் ஒரு முறை பட்டது ஆயுளுக்கும் போதும்.

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரியில் பாதிரிமார்கள் நடத்திய ஒரு கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் துறைக்கு ஒருவராகப் பொறுக்கி எடுத்து ஒரு தனி வகுப்பு தொடங்கினார்கள். பெயர் ஆனர்ஸ். சனிக்கிழமை பிற்பகலில், நூலகத்துக்கு மேலே இருந்த அறையில் நடக்கும். வேதியியல்காரன் கவிதைக்கு உரை சொல்ல வேண்டும். வணிகவியல்காரன் நட்சத்திரங்களைப் பற்றிப் பேச வேண்டும். நடத்தியவர் இன்னாசி சாமி. (எங்கள் பக்கத்தில் பாதிரியாரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.) ஒரு வாரம் அரிசி என்றால் அரிசிதான். அது எப்படி விளைகிறது, எந்த ராஜா அதற்கு வரி போட்டான், பஞ்சத்தில் யார் செத்தார்கள், ஜெபத்தில் ஏன் தினமும் உணவு கேட்கிறோம் என்று அந்த அரிசியைப் போட்டு இடித்து மாவாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்போம். "எதையும் எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பாருங்க" என்பார் சாமி. அந்த அறைக்குள் அது நன்றாகத்தான் இருந்தது. நான் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் கோளாறு.

வீடு உழவர்கரையில். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. நான் படிப்பது என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அப்பா ஆலையில் "பையன் எல்லாத்தயும் படிக்கிறான்" என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தார். அம்மா ஒரு படி மேலே போய், மாதா கோயிலில் பார்க்கிறவர்களிடம் "டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டாள். (இரண்டு பேர் என்னிடம் வந்து மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டார்கள்.) அக்கா ரீத்தா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் தையல் டீச்சர். சிந்தனையாளனுக்கு வேண்டும் என்று நான் தாடி விட ஆரம்பித்தபோது, "மூஞ்சிய கழுவிக்கினு வா" என்றாள், அவ்வளவுதான்.

அவளுக்கு மாப்பிள்ளை அமையாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் எங்கள் கோயிலில் சாமிக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பெயர் சவரி. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஒரே பிள்ளை, அப்பா இல்லை, குடிப்பழக்கம் இல்லை. அம்மா அன்றைக்கே ரவையை வறுத்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாயங்காலம் வந்தார்கள். சவரி, அவருடைய அம்மா, ஒரு தாய்மாமன், கூட உபதேசியார். மாமன் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நாற்காலியில் கூட அணிவகுப்பில் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தார். சவரி தலையைக் குனிந்தபடி பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே காப்பித் தட்டோடு தயாராக நின்றாள்.

பேச்சு வெயிலைப் பற்றி ஓடி, மீன் விலையைப் பற்றி ஓடி, தீர்ந்துபோனது. அப்போது சொல்தா மாமாவின் கண் என்மேல் விழுந்தது.

"தம்பி இன்னா படிக்கிறாரு?"

"ஆனர்ஸு" என்றார் அப்பா. அதோடு நின்றிருக்கலாம். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. "நீயே சொல்லுப்பா" என்று என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பாடம்னு இல்லைங்க. எல்லாப் பாடமும் சேந்தது."

மாமா யோசித்தார். "அப்போ எல்லாத்துலயும் பெயிலா?"

உபதேசியார் சிரித்தார். சவரியின் அம்மாவும் சிரித்தாள். அங்கேதான் என் புத்தி கெட்டது. படிப்பின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டேன்.

"உதாரணத்துக்கு, இந்தப் பொண்ணு பாக்கறதையே எடுத்துக்கலாம்."

அப்பா இருமினார். ஆலையில் பஞ்சு தின்ற இருமல் அவருக்கு எப்போதும் உண்டு என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. பொருளாதாரத்தில் இதைப் பரிமாற்றம் என்பார்கள் என்று தொடங்கினேன். வரலாற்றில் பெண் எப்படிக் கைமாறினாள் என்று ராஜாக்கள் வரைக்கும் போனேன். பிறகு விலங்கியல். "மயில்ல பாருங்க, ஆண்தான் தோகை விரிச்சி ஆடும், பெண் பாத்துட்டுப் புடிச்சா நிக்கும். அந்தக் கணக்குப்படி மாப்பிள்ளைதான் காப்பி எடுத்துட்டு வரணும்."

"யாரு வூட்டுப் புள்ளய ஆடச் சொல்ற நீ?" என்றாள் சவரியின் அம்மா.

"அவன் பாடத்த சொல்றான்" என்றார் அப்பா பலவீனமாக.

நான் தத்துவத்துக்கு வந்திருந்தேன். நேராகச் சவரியைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க இங்க வந்தது உங்க விருப்பமா? இல்ல, மத்தவங்க விருப்பத்த உங்க விருப்பம்னு நினைச்சிக்கினு வந்தீங்களா?"

அந்த நேரம் பார்த்து அக்கா காப்பியோடு வெளியே வந்தாள்.

சவரி தலையை நிமிர்த்தினார். அக்காவைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"அத எப்பிடித் தம்பி தெரிஞ்சிக்கிறது?"

அதுவரை என் படிப்பைப் பற்றி யாருமே என்னிடம் ஒரு கேள்வி மனசாரக் கேட்டதில்லை. எனக்கு ஊரே மறந்துபோனது. பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். அவரும் விடாமல் கேட்டார். சின்ன வயதிலிருந்து ஒன்றுக்கு ஆசைப்பட்டு, வீட்டுக்குப் பயந்து அதை மறைத்துக்கொண்டால் அது ஆசைதானா, இல்லையா என்றார். அக்கா தட்டை ஏந்தியபடி நின்றாள். காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"பொண்ணப் பாருப்பா" என்றார் மாமா.

"இரு மாமா, பாக்கறேன்."

பார்க்கவில்லை. கடைசியில் அவர் அம்மா பொறுக்க முடியாமல், "டேய், புடிச்சிருக்கா இல்லியா, அத சொல்லு" என்றாள்.

சவரி நிதானமாகக் கேட்டார். "புடிக்கிறதுன்னா இன்னாம்மா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை, நான் காப்பியில் எதையோ கலந்துவிட்டதுபோல் இருந்தது. அவர்கள் கிளம்பிய வேகத்தில் உபதேசியார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா திட்டவில்லை. இரவு ஷிப்டுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே, "வாய மூடிக்கினு குந்தறதுக்கு எதனா பாடம் இருக்கான்னு உங்க சாமியக் கேளு" என்று மட்டும் சொன்னார்.

சில நாட்களில் செய்தி வந்தது. சவரி வேலையை விட்டுவிட்டார். குருமடத்தில் சேரப் போகிறாராம், சாமியாராக. பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த எண்ணம் இருந்ததாம், இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லையாம். அவர் அம்மா தலைவிரிகோலமாகக் கல்லூரிக்கே போய் இன்னாசி சாமியைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க படிப்பு எம்புள்ளயக் கெடுத்துடுச்சி சாமி" என்று அழுதாளாம். "இருந்த ஒரு புள்ளயயும் வாரிக் குடுத்துட்டேனே" என்றாளாம்.

சாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நெடுநேரம் மேஜையைத் துடைத்தார். "ஒருத்தன் குருவாகப் போறதுக்கு நான் வருத்தம் தெரிவிக்க முடியாது. அதுக்காக உனக்கு மார்க்கும் போட முடியாது" என்றார். அடுத்த சனிக்கிழமை முதல், வகுப்பில் பேசுவதை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு விதி வந்தது. இரண்டொரு வருடத்தில் வகுப்பும் நின்றுபோனது.

அடி என் மேல் விழுந்திருந்தால் பரவாயில்லை. அது அக்காவின் மேல் விழுந்தது. 'பொண்ணு பாக்கப் போனவன் அவளப் பாத்துட்டுச் சாமியாராப் பூட்டான்' என்று ஊர் பேசியது. அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை என்று நான் எத்தனை பேரிடம் விளக்குவது? விளக்க விளக்க அது இன்னும் மோசமாகத்தான் ஒலித்தது. நெடுநாள் ஒரு வரனும் எங்கள் தெருப்பக்கம் திரும்பவில்லை. உபதேசியார் எங்களைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். அம்மா ராத்திரி ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனாள்.

ஒரு சாயங்காலம் அக்கா மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, எதையாவது சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

"எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பாத்தியே. நான் அங்க தட்டத் தூக்கிக்கினு நின்னேனே, அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தியாடா?"

அந்தப் பக்கம் வரலாற்றிலும் இல்லை, விலங்கியலிலும் இல்லை. மறுநாள் தாடியை எடுத்துவிட்டேன்.

அக்காவுக்குப் பின்னால் கல்யாணம் ஆனது. குருசுக்குப்பத்தில் போட் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் மனிதர், நல்லவர், அதிகம் பேசமாட்டார். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்னைக் கடலூருக்கு ஒரு வேலையும் இல்லாமல் அனுப்பிவைத்தாள். சில வருடம் கழித்து அக்காவின் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர், புதிதாகக் குருப்பட்டம் பெற்ற சவரி சாமி. விருந்தில் அக்காவிடம் வந்து, "அன்னிக்கு உங்கள நிமுந்துகூடப் பாக்கல. மன்னிச்சிக்கணும்" என்றார்.

"வுடுங்க சாமி" என்றாள் அக்கா. "பாத்திருந்தா நீங்க மாட்டிக்கினு இருந்திருப்பீங்க."

நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, எந்தக் கோப்பையும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து, ஓய்வு பெறும் வயதை நெருங்கினேன். ஆனால் குடும்பத்தில் விதி மாறவில்லை. எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும், முதலில் என்னை வெளியேற்றிவிட்டுத்தான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பார்கள். என் சொந்த மகளைப் பார்க்க வந்தபோதும் அதேதான். அக்கா காலையிலேயே வந்து என்னை எதிர்வீட்டு மாடிக்கு அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் வழியாகத்தான் வருங்கால சம்பந்தியைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர்போல. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பா எங்கே என்று விசாரித்தாராம்.

அக்கா காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாளாம்: "படிக்கப் போயிருக்காரு."

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.