திட்டுக்குப்பத்துப் படகு கடைசி நூறு பாகத் தூரத்தில் முந்திய விவரம்

திட்டுக்குப்பம்,
மாசி மாதம் பன்னிரண்டாம் நாள்.

சுண்ணாம்புக்குளத்தில் சகல மரியாதையோடும் வாழும் அத்தான் மாணிக்கம் அவர்களுக்கு, மைத்துனன் செங்கல்வராயன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் வீட்டுக்காரி அம்மணி, மகள் தெய்வநாயகி யாவரும் சுகம். என் தொண்டைக்கு மட்டும் சுகமில்லை. அவ்விடம் அக்காள் அங்காளம்மாளும் தாங்களும் சுகமாக இருக்க எல்லையம்மனை வேண்டுகிறேன். நான் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதுகிறவர் துணிக்கிடங்குக் கணக்கர் சம்பந்தம். சில வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறார். அந்த இடங்களில் தாங்களே போட்டுக்கொள்ளவும்.

தாங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை கருப்பன் ஆள் தங்கம், ஆனால் ஆமை என்று போன மாதம் எழுதியிருந்தேன். மற்றவர்கள் வலையை அலசிக் காயப்போட்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் இவன் படகைவிட்டு இறங்குவான். இவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் உலை வற்றிய பிறகுதானே வீட்டுக்கு அரிசி வரும் என்று எனக்குக் கவலை. இந்த நிலையில், இந்தப் பருவத்து இறாலுக்கு, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் முதலில் வலை போடும் முறை, அந்த முதல் பாடு, எங்களுக்கா மேட்டுக்குப்பத்துக்கா என்று தகராறு முற்றி, இரண்டு மண்டை உடைந்து, கடைசியில் படகுப் போட்டி வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. படகுக்கு எட்டுத் துடுப்பு. ஏரி நடுவில் நட்ட மூங்கிலைச் சுற்றிக்கொண்டு கோட்டைத் துறைக்குத் திரும்ப வேண்டும். சாட்சிக்குக் கோட்டையை ஆளும் உலாந்தாக் கப்பித்தான், அந்த ஒல்லாந்து தேசத்து வெள்ளைக்காரத் துரை. கோட்டையில் வெடி போட்டதும் புறப்பாடு. எங்கள் படகுக்குச் சுக்கான் நான். என் காலடியில், கடைசிப் பலகையில், கருப்பன்.

வெடி கேட்டது, இரண்டு படகும் பாய்ந்தன. பாதி வழியில் குனிந்து பார்த்தால் கருப்பன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டேன். "அது நமக்குப் போட்ட வெடி இல்ல மாமா. தோ, கப்பல் வருது பாருங்க, அதுக்கு மரியாதை" என்றான். அதற்குள் கரையிலிருந்து கொடியை ஆட்டி எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் நாக்குத் தள்ளிப்போய்த் துறைக்கு வந்தார்கள். மேட்டுக்குப்பத்துப் படகில் சுக்கான் பிடித்த கண்ணப்பன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அந்த ஆத்திரத்தில், இன்று தோற்றால் இந்தக் கருப்பனுக்கு என் மகள் கிடையாது என்று ஊரார் காது கேட்க எல்லையம்மன் மேல் ஆணையிட்டுவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் கரையில் நின்ற தெய்வநாயகியின் முகம் கண்ணில் பட்டது. அவளுக்கு இவனைப் பிடித்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது அத்தான். ஆணையைத் திருப்பி எடுக்க வழியில்லை. அடுத்த வெடி போட்டுவிட்டார்கள்.

போகும்போதே பின்தங்கினோம். திரும்பும்போது அவசரத்தில் நானே மூங்கிலை இடித்துச் சாய்த்தேன். அதன்மேல் உட்கார்ந்திருந்த நீர்க்காகம் என் தலைப்பாகையில் தன் வேலையை முடித்துக்கொண்டு பறந்தது. மேட்டுக்குப்பத்துப் படகு இரண்டு படகு நீளம் முன்னால் போகிறது. நான் கருப்பனைப் பொதிமாடு என்றேன், உப்புமூட்டை என்றேன், அப்புறம் சம்பந்தம் எழுத மறுக்கிற அந்த வார்த்தையையும் சொன்னேன். அவன் ஊஞ்சல் ஆடுகிறவன் மாதிரி அதே நிதானத்தில் வலிக்கிறான். துறைக்கு நூறு பாகம் தூரம் இருக்கையில், கத்திக் கத்தி என் குரலே போய்விட்டது. நான் அழுதேன் என்று அம்மணி ஊரெல்லாம் சொல்கிறாள். அது ஏரித் தண்ணீர்.

அப்போது கருப்பன் வெற்றிலையைத் துப்பினான். "அவங்க கை ஓஞ்சிடுச்சி மாமா. நீங்க சுக்கான நேரா புடிங்க, போதும்" என்றான். தான் குரல் கொடுக்கும்போது மட்டும் துடுப்புப் போடுங்கள் என்று முன்னால் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு, ஓர் இழுப்பு இழுத்தான். நான் மல்லாந்து விழுந்தேன். சுக்கானை விடவில்லை, படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு பிடித்தேன். கண்ணப்பன் முகம் பக்கத்தில் வந்தது, அப்புறம் கால்மாட்டைத் தாண்டிப் போயிற்று, இல்லை, தலைமாட்டை, எனக்குத் திசையே புரியவில்லை. ஒரே ஒரு முழம் அத்தான். அந்த ஒரு முழத்தில் எங்கள் படகு முதலில் மணலைத் தொட்டது. துரை எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

மகள் வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, "நைனா, இனிமே சாமி மேல ஆணை வெக்காத" என்றாள். சரி என்றேன். முதலிலிருந்தே இப்படி வலித்தால் என்ன என்று கருப்பனைக் கேட்டதற்கு, அப்படி வலித்திருந்தால் கடைசியில் கையில் என்ன இருக்கும் என்று கேட்டுவிட்டுச் சோறு தின்னப் போனான். என் வயிற்றில் பால் வார்த்தான் அத்தான். பாடு கிடைத்ததுகூடப் பெரிதில்லை, என் வாயிடமிருந்து என் மகளைக் காப்பாற்றிவிட்டான். பங்குனி உத்திரத்தில் கல்யாணம். அக்காளோடு பத்து நாள் முன்பே வந்து, கால் நீட்டிப் படுத்து, முதல் வலை இறாலைத் தின்று தீர்க்க வேண்டியது தங்கள் பொறுப்பு.

பெரியவர்கள் பாதத்துக்கு வணக்கம், சிறுசுகள் தலைக்கு ஆசி. எல்லையம்மன் துணை.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

மறந்ததை எழுதுவது: ஓலையைக் கட்டுவதற்குள் பாடு போட வலையோடு போய்வந்தோம். முகத்துவாரத்தைக் காணோம். மூன்று நாள் அலையில் மணல் மூடிவிட்டது, ஆடுகள் அக்கரைக்கு நடந்து போகின்றன. இரண்டு ஊரும் சேர்ந்துதான் வெட்டித் திறக்க வேண்டுமாம். முதல் பாடு யாருக்கோ முதல் வெட்டும் அவர்களுக்கே என்று கண்ணப்பன் சொல்ல, துரையும் தலையாட்டிவிட்டார். வரும்போது மண்வெட்டி எடுத்து வரவும்.