தோல்விக் கட்டத்தில் யார் பெயர்?

கடல் தாண்டிப் போனால் வரும் ஒரு காட்டில், தேர்தல் வைத்துத் தலைவரை மாற்றுவார்கள். ஒரு முறை யானை, மறுமுறை கழுதை. மூன்றாவது மிருகம் ஒன்றைத் தலைவராக்கலாம் என்று அந்தக் காட்டுக்கு இதுவரை தோன்றியதில்லை.

முதலில் வந்த யானை, பக்கத்துக் காட்டில் புலி பதுங்கியிருக்கிறது என்று படையை அனுப்பியது. புலி இல்லை. இரண்டாவது வந்த கழுதை, போரை நிறுத்துவேன் என்று உருகியது. போர் என்ற சொல்லை மட்டும் நிறுத்தியது. மூன்றாவது வந்த யானை வேலி போட்டது; ஓடை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான்காவது வந்த கழுதை வேலியைப் பிடுங்குவேன் என்றது. அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது.

நாலு ஆட்சியிலும் படை போகவும் வரவும் மிதித்ததில் செவந்தி என்ற முயலின் வளை இடிந்தது. ஐந்து குட்டிகள் வெட்டவெளியில்.

தலைவர்களின் வெற்றி தோல்வியை எடைபோடும் மன்றத்துக்கு ஓடினாள். படிவத்தில் தோல்விக் கட்டத்தில் யார் பெயர் ஏறுகிறதோ அவர்தான் புது வளை தோண்டித் தர வேண்டும். அதுவரை யாரும் மண்ணைத் தொடக் கூடாது. பெயர் ஏற, இரு கட்சியும் கையெழுத்திட வேண்டும்.

"யார் பேரையாவது எழுதுங்கய்யா, மழை வருது."

"படையை அனுப்பினது உங்காளு," என்றது கழுதைக் கட்சி நரி.

"உங்காளு அழுதுகிட்டே அனுப்பினாரே, அது மட்டும் கல்யாண ஊர்வலமா?" என்றது யானைக் கட்சி ஓநாய். "வேலி எங்க வெற்றி!"

"அப்ப பெயின்ட் எங்க வெற்றி!"

"நாலு பேருந்தாங்க மிதிச்சாங்க," என்றாள் செவந்தி.

நரி மெல்லக் கேட்டது: "ஏம்மா, நீ யாருக்கு ஓட்டுப் போட்ட?"

"நாலு பேருக்குந்தான். வந்தவங்களை எல்லாம் நம்பினேன்."

நரியும் ஓநாயும் முதல் தடவையாக ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. இரண்டும் கையெழுத்திட்டன.

மன்றத்தின் எழுத்தரான ஆந்தை எழுந்தது. சாட்சிக்கு வந்திருந்த இரண்டு கழுகுகளின் காதில் விழும்படி, தோல்விக் கட்டத்தில் ஏறிய பெயரை உரக்க வாசித்தது:

"செவந்தி. முயல்."

நீதி: தலைவர்கள் தோற்பதில்லை, அந்த வேலைக்குத்தான் மக்களை வைத்திருக்கிறார்கள்.