அணைய மறுத்த கணினியும் அக்காவின் தம்பியும்

குடும்பத்துக்கு ஒரு கணினி நிபுணர் உண்டு. அவரை யாரும் நியமிப்பதில்லை, தானாக முளைப்பார். என்றோ ஒருநாள் யார் வீட்டிலோ திரை இருண்டு கிடந்தபோது, பின்னால் கழன்றிருந்த ஒயரை அழுத்திச் செருகியிருப்பார். வெளிச்சம் வந்துவிட்டது. அத்தோடு அவருக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது. பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்கிறீர்களா? நம்மவர் செருப்புக் கடையில் மேலாளர். அதனாலென்ன, கால் அளவு தெரிந்தவனுக்குக் கணினி தெரியாதா?

இவரை அடையாளம் காண்பது சுலபம். வந்ததும் நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிடுவார், வீட்டுக்காரர் நிற்பார். "இதை யாரு தொட்டது?" என்பது முதல் கேள்வி. பதில் தேவையில்லை. கணினி மெதுவாக ஓடினால் "ரேம் பத்தல", சூடானால் "ரேம் பத்தல", பிரிண்டரில் தாள் தீர்ந்துபோனாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையேதான் சொல்வார். திரையில் எந்த அறிவிப்பு எழுந்தாலும் அதைப் படிக்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. அதற்கு ஒரு கொள்கையும் வைத்திருக்கிறார்: "தெரியாத பெட்டி வந்து கேள்வி கேட்டா, வேண்டாம்னு அழுத்திடணும். அதான் பாதுகாப்பு."

இப்படிப்பட்டவரைத்தான் அவருடைய அக்கா கூப்பிட்டாள். அக்கா தையல் ஆசிரியை. இரண்டே விரல்களால் தட்டித் தட்டி, தையல் பாடப் புத்தகம் ஒன்றை ஏறக்குறைய முடித்துவிட்டாள். நாளைக் காலையில் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். கடைசிப் பாடம், சட்டைக்குக் கை வைப்பது. அவளையே வியர்த்து வழியவைத்த பாடம் அது. அதை அடித்து முடித்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கிழட்டுக் கணினி அணைய மறுத்தது.

"ஷட் டவுன் கொடுத்தா சின்னதா ஒரு பெட்டி வருதுடா. என்னமோ கேக்குது, எனக்குப் புரியல. தப்பா எதையாவது அழுத்திடுவேனோன்னு பயந்து அப்படியே விட்டு வெச்சிருக்கேன். நீ முதல்ல அதைப் படிச்சுச் சொல்லு."

"அதெல்லாம் வெறும் அறிகுறிதான்க்கா. நோய் உள்ள இருக்கு."

அப்புறம் நம்மவர் மும்முரமானார். மேசையை நகர்த்தினார், ஸ்பீக்கரைப் பிடுங்கினார், பிரிண்டரைப் பிடுங்கினார், எதற்கென்று தெரியாத ஒரு ஒயரையும் பிடுங்கிப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, துணியில் போட்ட சாக்குக்கட்டிக் கோட்டைத் துடைக்க அக்கா வைத்திருந்த பிரஷ்ஷால் உள்ளே இருந்த தூசியையெல்லாம் கிளப்பி, அத்தனையையும் அவளே சுவாசிக்கும்படி ஊதினார். அவள் இருமினாள்.

"டேய், அந்தப் பெட்டியில என்ன போட்டிருக்குன்னு..."

"நீ கொஞ்சம் பேசாம இருக்கியா? கவனம் சிதறுது."

பிறகு ஷட் டவுன் கொடுத்தார். அந்தச் சின்னப் பெட்டி மறுபடி எழுந்தது. அது முழுதாக எழுவதற்குள் நம்மவரின் விரல் "வேண்டாம்" என்பதில் போய் விழுந்தது. கணினி அடங்கியது. மின்விசிறிச் சத்தம் நின்றது. அறையே அமைதியானது.

"பாத்தியா? தூசிதான்!" என்று கையைத் தட்டிக்கொண்டார். அக்காவுக்கும் சந்தோஷம். காபி வந்தது, கூடவே பாராட்டும் வந்தது. குடித்து முடித்ததும், கடைசியாக ஒருதரம் பாடத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கணினியைப் போட்டாள்.

மற்ற பாடங்களெல்லாம் இருந்தன. கை வைக்கும் பாடத்தைக் காணோம். பாவம், அந்தப் பெட்டி கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாடத்தை இன்னும் சேமிக்கவில்லையே, சேமிக்கட்டுமா? பதில் கிடைக்காமல்தான் அது அணையாமல் காத்திருந்தது. அந்த வீட்டில் அக்காவின் உழைப்பைப் பற்றிக் கவலைப்பட்டது அது ஒன்றுதான்.

"என் பாடம் எங்கடா?" என்று கேட்டாள். அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நம்மவர் அசரவில்லை. "அக்கா, நீ என்ன சொல்லிக் கூப்பிட்டே? அணைய மாட்டேங்குதுன்னு. அணைஞ்சுதா இல்லையா?"

அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் செருப்பை மாட்டும்போதே, "எதுக்கும் ரேம் மாத்திடு" என்றார். கதவு சாத்தப்பட்ட வேகத்தைக்கூட அவர் கவனிக்கவில்லை. உள்ளே அக்கா, பசியையும் மறந்து, கை வைக்கும் பாடத்தை முதல் வரியிலிருந்து இரண்டு விரல்களால் தட்டத் தொடங்கினாள். அச்சகக்காரர் காத்திருக்கமாட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போகிற போக்கில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் கடைசியாக யார் வீட்டுக்குப் போய் எதைச் சரிசெய்து கொடுத்தீர்கள்? அதற்கப்புறம் அவர்கள் உங்களைக் கூப்பிடவே இல்லை, அல்லவா? அந்த அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்றுதானே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?