முட்டி வாங்கித் தந்த குடியுரிமை

மலை என்றால் என்னவென்றே தெரியாமல் ஐம்பத்திரண்டு வயது வரை மலையேறி வந்தவன் நான். எங்கள் வீடு மலாக்காவில், காஜா பேராங்கில். வருஷம் தவறாமல் செங் கோயில் மலைக்குப் போவோம். முன்னால் மேளம், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், வாங்கிய மோரைக் குடித்து முடிப்பதற்குள் உச்சி வந்துவிடும். (அதை மலை என்பது மரியாதைக்குத்தான். நல்ல தென்னை மரத்தில் ஏறினால் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம்.) அந்த அனுபவத்தை நம்பித்தான் லேடாங் மலைக்குக் கிளம்பினேன். போதாக்குறைக்கு நான் தையல்காரன். இருபத்தைந்து வருஷம் மிஷின் மிதித்த கால் என்று ஒரு கர்வம் வேறு.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அது. குடியுரிமைக்கு எழுதிக் கொடுங்கள், கெடு முடியப் போகிறது என்று ஊரே அலைந்தது. நான் மட்டும், "இந்தியாவில் சொந்த ஊர் இருக்கையில் இங்கே என்ன எழுதிக் கொடுப்பது?" என்று வீட்டில் எல்லோருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மனைவி சிவகாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா நான்? ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"போறதுக்கு முன்னால அந்த மலைக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போறீங்களா?"

வானம் தெளிந்த காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றால் கிழக்கே நீலமாக லேடாங் தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல், இருபத்தாறு வருஷமாக, அதைப் பார்த்துக்கொண்டே துணி காயப் போட்டவள் அவள்.

"அதுக்கென்ன, காலையில ஏறிட்டு மத்தியானச் சோத்துக்குக் கீழ வந்துடலாம்" என்றேன் பெரிய மனுஷன் தோரணையில்.

முதல் நாளே பஸ்ஸில் ஆசகான் போய், தெரிந்தவர் வீட்டில் படுத்து, விடியும்போது அடிவாரத்தில் நின்றோம். வழிகாட்ட வந்தவர் பாக் சமாட். காட்டில் பிரம்பு வெட்டுகிறவர், எங்களைவிட மூத்தவர். என் வெள்ளை டிரில் காற்சட்டை (நானே தைத்தது), பாலிஷ் போட்ட சப்பாத்து, கையில் குடை, டிபன் கேரியர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

"போலே கா, துவான்?" முடியுமா என்று கேட்கிறார். என்னிடம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பையிலிருந்த தேங்காயை எடுத்தேன். ஒரு பாறைமேல் சூடம் ஏற்றி, தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றி, "இத உச்சியிலதான் உடைப்பேன்" என்று சத்தமாக நேர்ந்தேன். சிவகாமி செருப்பைக் கழற்றிப் பையில் போட்டாள். மலைக்குச் செருப்போடு போகக்கூடாதாம்.

படிக்கட்டு எங்கே என்று தேடினேன். இல்லை. வேர்தான் படி, பாறைதான் படி, சில இடத்தில் பாக் சமாட்டின் தோள்தான் படி. அண்ணாந்து பார்த்தாலும் மரங்களுக்கு உச்சி தெரியவில்லை. முதல் ஓடையில் சப்பாத்தின் அடி பிரிந்தது. இரண்டாவது ஓடையில் குடை போனது. ஒரு பாறையில் காலை அகட்டி வைத்தபோது, என் சொந்தக் கையால் இரட்டைத் தையல் போட்ட காற்சட்டை பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. மலாக்காவின் பெயர் பெற்ற தையல்காரனிடம் அன்றைக்கு ஓர் ஊசி இல்லை. பாக் சமாட் முள்ளை ஒடித்து அதைக் கோத்துவிட்டார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டபோதெல்லாம் "சிகிட் லாகி" என்றார். இன்னும் கொஞ்சம்தானாம். அந்தக் கொஞ்சம் நாலு மணி நேரம் நீண்டது.

கடைசியில் சுவர் மாதிரி நின்ற ஒரு பாறையடியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு முட்டியும் தந்தி அடித்தன.

"போதும் சிவகாமி. தேங்காய இங்கேயே உடைச்சிடுவோம். சாமிக்குத் தெரியாதா?"

"சூடம் காட்டி நேந்தது. உச்சியிலன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஏதோ வாய் தவறி..."

"இருபத்தாறு வருஷத்துல நான் கேட்டது இது ஒண்ணுதாங்க."

தேங்காயை என்னிடமிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பிரம்புக் கொடியைப் பிடித்து ஏற ஆரம்பித்தாள். வெறுங்கால். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தைக்குப் போய் வந்தாலே முதுகு வலிக்கிறது என்கிறவள். இவளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்று வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு பாக் சமாட் என்னை முட்டுக் கொடுத்து மேலே தள்ளினார். (அந்த விவரம் வேண்டாம்.)

உச்சியில் ஒரே வெள்ளை மேகம். இதற்கா வந்தோம் என்று வாயெடுக்கும்போது காற்று வந்து மேகத்தை விலக்கியது. கீழே காடு, காட்டுக்கு அப்பால் ரப்பர் தோட்டங்கள், அதற்கும் அப்பால் வெயிலில் மின்னிக்கொண்டு கடல். நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பார்வைக்குள் இருந்தது. இத்தனை பெரிசா இந்த இடம்! பாக் சமாட்கூடத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"நம்ம வீடு எங்கங்க?"

கடலோரமாக எதையோ காட்டினேன். அவள் வெகு நேரம் அதையே பார்த்தாள்.

"அங்கேருந்து தினம் இத பாத்தேன். இங்கேருந்து அத பாக்கணும்னு ஆசை. பாத்தாச்சு. இனி நீங்க எங்க கூப்பிட்டாலும் வரேன்" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். காற்றில் தூசி என்று சொல்லிக்கொண்டே தேங்காயை உடைத்தேன். ஆளுக்கொரு சில்லு தின்றோம்.

இறங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பகுதி உட்கார்ந்தபடியே இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் இரண்டு முட்டியும் பூசணிக்காய் அளவு வீங்கி, படுக்கையில் விழுந்தேன். மிஷினை மிதிக்க முடியவில்லை, கக்கூசுக்கே இரண்டு பேர் பிடித்துப் போக வேண்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டு கப்பலில் எப்படி ஏறுவது? கப்பல் எங்களை விட்டுவிட்டுக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து போய்விட்டது. கெடு முடிவதற்குள் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தோம். இன்றைக்கும் வீட்டில் விசேஷம் என்றால் பேரப்பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: "எல்லாருக்கும் கவர்மெண்ட் குடியுரிமை குடுத்துச்சு லா. நமக்குத் தாத்தாவோட முட்டி குடுத்துச்சு." நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எண்பது வயசு தாண்டியாயிற்று, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீக்கம் பத்தே நாளில் வடிந்துவிட்டது. கப்பலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மனசு மாறிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை, எடுத்த முடிவை மாற்றாத ஆம்பிளையாயிற்றே. அதனால் அந்த ஒரு வாரமும் சுவரைப் பிடித்து நொண்டினேன். சிவகாமியும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், மூன்று வேளையும் நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிட்டாள்.

கப்பல் போன மறுநாள் காலை, எண்ணெய் கொண்டு வா என்று கூப்பிட்டேன். பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் மலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கப்பல்தான் போயிடுச்சே. இனிமே நேரா நடங்க."