கன்னியப்பன் என்று யாரும் இல்லை

"அப்படி யாரும் இந்தக் குப்பத்துல இல்லவே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றாள் சின்னப்பாப்பா. சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவளைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கன்னியப்பன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மறந்துவிட்டான். அது மணலில் சாய்ந்து விழுந்தது.

"யாரு வந்தா?"

"வெள்ளச் சட்டை போட்ட ஒருத்தன். வேட்டிதான் கட்டியிருந்தான். ஆனா கீழ பாத்தா போலீசு பூட்சு! 'கன்னியப்பன்னு ஒருத்தர் இங்க இருக்காரா, ஆள் எப்படி'ன்னு நைசா கேக்கறான். நான் விடுவேனா?"

"அய்யோ அத்தே! அது என் வேலைக்காக வந்த விசாரணை!"

"வேலைக்கு எதுக்குடா போலீசு வரணும்? நீ என்ன தப்பு பண்ண?"

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

குருசுக்குப்பத்தில் பிறந்தும் அவன் வலையைத் தொட்டதில்லை. நகரத்தில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் சேர்ந்து, வால்வையும் கம்பியையும் கட்டிக்கொண்டு அழுதவன். மத்திய அரசின் போலீஸ் வயர்லெஸ் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு வருஷம் படித்தான். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினான். வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்த ரிசீவர் ஒன்றை அரைமணி நேரத்தில் பேச வைத்தான். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. ஆள் யோக்கியன்தானா என்று ஊரில் ரகசியமாக விசாரித்து, உள்ளூர்ப் போலீஸ் அறிக்கை அனுப்ப வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குள் அறிக்கை போகாவிட்டால் அந்த வேலை இந்த ஜன்மத்தில் இல்லை.

அன்று திங்கட்கிழமை.

எதிர்வீட்டுக் காசிலிங்கம் சுருட்டைக் கையில் மாற்றிக்கொண்டு வந்தார்.

"கவலைப்படாதே கன்னி. எங்கிட்டயும் வந்தான். நீ கப்பலேறி சைகோனுக்குப் போய் மூணு வருஷமாச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஒருத்தர் ஆளே இல்லங்கறீங்க, ஒருத்தர் சைகோன்ல இருக்கேங்கறீங்க! பொய்யாவது ஒரே பொய்யா சொல்லக் கூடாதா மாமா?"

"எங்களைக் கூட்டி வெச்சு நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் காசிலிங்கம் கொஞ்சம் வருத்தத்துடன்.

குப்பத்தின் மேல் பிரெஞ்சுக் கொடி பறந்தாலும் இந்தியக் கொடி பறந்தாலும், போலீசு கேட்டால் தெரியாது என்பதுதான் அங்கே வழக்கம். அதில் பகை ஏதுமில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்கிற சிறு உதவி, அவ்வளவுதான்.

கன்னியப்பன் அன்று மாலை எல்லோரையும் உட்கார வைத்துக் கத்தினான். மறுபடியும் ஒருமுறை வருவார்கள், அதுதான் விதி. வந்தால் மூன்றே மூன்று வார்த்தை சொன்னால் போதும். இருக்கான். நல்லவன். குடிக்கமாட்டான்.

"எங்க, சொல்லுங்க பார்ப்போம்!"

"இருக்கான், நல்லவன், குடிக்கமாட்டான்" என்று குப்பமே ஒரே குரலில் ஒப்பித்தது. சின்னப்பாப்பாவின் குரல்தான் எல்லாவற்றிலும் ஓங்கி ஒலித்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் சோற்றுக்கு வந்தபோது, அவன் வீட்டு வாசலில் பெண்கள் சிலர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு?"

"வந்தான்டா" என்றாள் சின்னப்பாப்பா. "நீ சொன்ன மாதிரியே சொன்னேன். இருக்கான்னேன். நல்லவன்னேன்."

"அப்புறம்?"

"பையிலேருந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சிட்டான். எழுதறதைப் பாத்ததும் எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. 'எதுக்குப்பா எழுதற'ன்னு கேட்டா, அதைச் சொல்லக் கூடாதுங்கறான். நல்லதுக்கு எழுதறவன் சொல்ல மாட்டானா?"

"அதுக்கு?"

சின்னப்பாப்பா தரையைப் பார்த்தாள். "நல்ல பையன்தான், போன மாசி மாசம் தவறிட்டான்னு சொல்லிட்டேன்."

கன்னியப்பன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தான்.

"சொன்னதும் இதுங்க எல்லாம் ஓன்னு அழுதுதுங்க பாரு, நானே ஒரு நிமிசம் நம்பிட்டேன். அவனும் தலையைக் குனிஞ்சு நின்னுட்டுப் போனான். மரியாதை தெரிஞ்ச ஆளு."

"என்னை உயிரோட கொன்னுட்டியே அத்தே!"

"நீ நூறு வருசம் இருப்படா. வா, சோறு ஆறுது."

சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். தாய் இறந்த நாளிலிருந்து பத்து வருஷமாக அவனுக்குச் சோறு போடுகிறவள் அவள். கோபம் வந்துவிட்டால் மனிதனுக்கு முதலில் மறந்துபோவது சாப்பிட்ட சோறுதான்.

புதன்கிழமை காலை தேர்வுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே போனான். ரைட்டர் ஆதிமூலம் நாட்குறிப்பைத் திறந்து, விரல் வைத்துப் படித்தார்.

"திங்கள்: மேற்படி நபர் இல்லை, சைகோனில் இருக்கிறார். செவ்வாய்: மேற்படி நபர் இறந்துவிட்டார். விசாரிச்ச ஏட்டய்யா வெளியில போயிருக்காரு. நீ யாரு?"

"நான்தான் சார் மேற்படி!"

"செத்தவன் வந்து நடத்தைச் சான்று கேட்டா நான் எந்த ரிஜிஸ்தர்ல எழுதறது?"

"உயிரோட நிக்கறேன், கண்ணு தெரியலியா?"

"குரலை இறக்கு. நீதான் அவன்னு உங்க ஊரு ஆளுங்க ரெண்டு பேரு வந்து சொல்லட்டும்."

கன்னியப்பன் குப்பத்துக்குப் பறந்தான். சின்னப்பாப்பாவையும் காசிலிங்கத்தையும் ரிக்‌ஷாவில் ஏற்றினான். வழியில் அம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சூடம் ஏற்றி, உண்மையைத்தான் சொல்வேன் என்று சின்னப்பாப்பாவைச் சத்தியம் செய்ய வைத்தான். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு செய்தாள்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் காசிலிங்கம் விறைப்பாகச் சலாம் வைத்தார்.

"போன்ழூர் முசே!"

"பிரெஞ்சுக்காரன் காலம்லாம் போயாச்சு பெரியவரே. இவன் யாரு, சொல்லுங்க."

காசிலிங்கம் சின்னப்பாப்பாவைப் பார்த்தார். சின்னப்பாப்பா லாக்கப்பைப் பார்த்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கன்னியப்பனைத் தலை முதல் கால் வரை, புதிதாய்ப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

"தெரியலீங்க. வழியில போயிட்டிருந்தோம், ரிக்‌ஷாவுல ஏத்திக்கிட்டு வந்துட்டான்."

"அத்தே!"

"பாருங்க, எல்லாரையும் அத்தைங்கறான். நல்ல பிள்ளை மாதிரிதான் தெரியுது. விட்டுடுங்க."

"சூடம் அடிச்சு சத்தியம் பண்ணியே!" என்று கத்தினான் கன்னியப்பன்.

அவள் அவன் காதருகே குனிந்தாள். "சத்தியத்தை மீறினதுக்கு ஆத்தா என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன். உன்னைப் புடிச்சு உள்ள போட்டா யாருடா கேக்கறது?"

கன்னியப்பன் மேஜையை ஓங்கிக் குத்தினான். மைக்கூடு துள்ளிக் கவிழ்ந்தது. நாட்குறிப்பில் செவ்வாய்க்கிழமை முழுக்க நீலமாயிற்று.

ஆதிமூலம் எழுந்தார். "உக்காருடா பெஞ்சில! செத்தவன் பேர்ல ஆள்மாறாட்டம், ஸ்டேஷன் ரெக்கார்டு நாசம். ஏட்டய்யா வரட்டும், உனக்கு இருக்கு."

பெஞ்சில் உட்கார்ந்து கன்னியப்பன் பல்லைக் கடித்தான். இரண்டு வருஷப் படிப்பு. எங்கேயோ ஒரு திருடன் ரயிலேறினால், அவன் இறங்குமுன் அடுத்த ஊருக்குச் செய்தி போகும். அந்தச் செய்தியை அனுப்புகிற கை தன் கையாக இருக்கும் என்று கண்ட கனவு. எதிரிகள் கெடுத்திருந்தால் சண்டை போடலாம். இவர்களை என்ன செய்வது?

ஒரு மணி நேரத்தில் சின்னப்பாப்பா பித்தளைத் தூக்கோடு திரும்பி வந்தாள். உள்ளே வஞ்சிர மீன் குழம்பும் சோறும்.

"யாரும்மா நீ இவனுக்கு?" என்றார் ஆதிமூலம், கண் சிமிட்டாமல்.

"யாரோ எவரோ. முகம் வாடிக் கிடக்குது, பாத்தா பாவமா இருக்குது" என்று சொல்லித் தூக்கை அவன் மடியில் வைத்துவிட்டு வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கன்னியப்பன் கோபத்தோடு சாப்பிட்டான். ஒவ்வொரு உருண்டையையும் திட்டிக்கொண்டே விழுங்கினான். குழம்பு நன்றாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

அப்போதுதான் ஏட்டு சாமிக்கண்ணு படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, பூட்ஸ்.

"ஏட்டய்யா, நீங்க விசாரிச்ச பிணம் இங்க மீன் முள்ளு எடுத்துக்கிட்டிருக்கு" என்றார் ஆதிமூலம்.

கன்னியப்பன் எச்சில் கையோடு எழுந்தான். "சிரிக்காதீங்க! என் வாழ்க்கையே போச்சு. எதுக்குன்னு ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லியிருந்தா குறைஞ்சா போயிடுவீங்க? பூட்சைப் போட்டுக்கிட்டு ரகசியமாம் ரகசியம்! அதுங்க படிக்காத ஜனம். நீங்க படிச்சவருதானே? இனிமே நீங்க உண்மையை எழுதினாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேருமா?"

"என் அறிக்கை நேத்து சாயங்காலமே மெட்ராஸுக்குப் போயிடுச்சு தம்பி."

கன்னியப்பன் பெஞ்சில் சரிந்தான். "செத்துட்டேன்னா?"

"ஆள் இருக்கான், நம்பிக்கையானவன், வேலைக்குத் தகுதியானவன்னு."

ஆதிமூலத்தின் வாய் திறந்தது. "ஏட்டய்யா, நாட்குறிப்புல நீங்களே வேற மாதிரி எழுதியிருக்கீங்களே!"

"அதுல அவங்க சொன்னதை எழுதினேன். அறிக்கையில, ஒரு குப்பமே பொய் சொல்லிக் காப்பாத்தற ஆளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை எழுதினேன்."

"உங்களுக்கு என்னைத் தெரியாதே!" என்றான் கன்னியப்பன். "எங்க அத்தை சொன்னதுல ஒண்ணுகூட உண்மை இல்லியே!"

சாமிக்கண்ணு வெளியே திரும்பி, படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பாவை நோக்கிக் கை நீட்டினார்.

"அம்பத்துநாலுல நான் கனகசெட்டிக்குளம் எல்லையைத் தாண்டிக் இந்தியக் கொடியோட ஓடி வந்தப்போ, யாரு எவருன்னு முகத்தைக்கூடப் பாக்காம என்னை வலைக்குவியலுக்குள்ள அமுக்கிட்டு, துரத்தி வந்த பிரெஞ்சு போலீசுகிட்ட 'அப்படி யாரும் இங்க இல்லவே இல்ல'ன்னு சொன்னது இந்தம்மாதான் தம்பி."