முதலாளி மச்சானுக்கு, நாற்காலி விஷயமாக

மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், தங்கள் செருப்புக் கடையில் இருபத்திரண்டு வருடமாக ஆண்கள் பிரிவைக் கவனித்துவருபவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கும் நலம் என்பது எனக்கே தெரியும். தாங்கள் இப்போது எனக்குப் பத்தடி தூரத்தில், கல்லாவில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருக்கிறீர்கள். பத்தடியில் இருப்பவனுக்குத் தபாலில் கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். கடையில் தங்களை முதலாளி என்கிறேன், வீட்டில் மச்சான் என்கிறேன். இது முதலாளியிடமும் சொல்ல முடியாத, மச்சானிடமும் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் தபால். கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். நின்றுகொண்டே, ஷூ டப்பாவின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். சற்றுமுன் தாங்கள், "என்ன மாப்ள, எழுத்து வேலை பலமா இருக்கு?" என்று கேட்டபோது, "ஸ்டாக் லிஸ்ட், முதலாளி" என்றேன். அது பொய். அதற்கும் மன்னிக்கவும்.

விஷயம் என் மகளைப் பற்றியது. வீட்டிலேயே உட்கார்ந்து வெளிநாட்டுப் படங்களுக்கு அடியில் எழுத்துப் போடும் வேலை செய்கிறாள், இருபத்து மூன்று வயதாகிறது, போன வருடம் வரைக்கும் தங்கமான பெண். இப்போது இடதுசாரி ஆகிவிட்டாள். வரும் திங்கட்கிழமை காலை அவள் தன் கூட்டத்தோடு நம் கடைக்கு வந்து ரகளை செய்யப் போகிறாள். தாங்கள் ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வந்து, தாய்மாமன் என்ற முறையில் நாலு வார்த்தை அதட்டி நிறுத்த வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றபடி நான் நாற்காலி எதுவும் கேட்கவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்றால், முதலில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினாள். செவ்வாய், வியாழன் பாத்திரம் துலக்குவது அப்பா. "நான் இந்தக் குடும்பத்துக்குத் தலைவன்டி" என்றேன். "எலெக்‌ஷன் எப்பப்பா நடந்துச்சு?" என்று கேட்டாள். தங்கள் தங்கை சிரித்தாள் பாருங்கள், அன்றைக்கே என் பாதி அதிகாரம் போய்விட்டது. அப்புறம் சினிமா. எங்களையும் உட்காரவைத்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டாள். ஒரு ஆள் கிணறு தோண்டுகிறான். இரண்டு மணி நேரம் தோண்டுகிறான். தண்ணீர் வருமா வராதா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படம் முடிந்துவிட்டது, தண்ணி வரல. "என்னம்மா இது, அநியாயமா இருக்கே" என்றால், "தண்ணி வராததுதாம்ப்பா படமே" என்கிறாள். காலையில் எழுந்தால் பாட்டு. எந்த மொழி என்றே தெரியாது, முப்பது ஆண்கள் சேர்ந்து தொண்டை கிழியப் பாடுகிறார்கள், சுரங்கத் தொழிலாளிகளாம். கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது. போன வாரம் டப்பா அடுக்கும்போது நான் அதை முனகியதும் தாங்கள், "நல்லாருக்கே மாப்ள" என்று மேஜையில் தாளம் போட்டீர்கள். அது முதலாளிகளை ஒழிப்பதைப் பற்றிய பாட்டு என்பதை இப்போது பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் தங்கைக்கு உலகத்தில் இருந்த ஒரே சந்தோஷம் ஒன்பது மணி சீரியல். அதையும் கெடுத்துவிட்டாள். கதாநாயகி கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்கும்போது, "அம்மா, பின்னாடி காபித் தட்டோட ஒரு அம்மா நிக்கிறாங்களே, அவங்க எப்பம்மா உக்காருவாங்க?" என்று கேட்டுவைத்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தங்கள் தங்கைக்கு மாமியார் கொடுமையும் கண்ணில் படுவதில்லை, மருமகள் அழுகையும் காதில் விழுவதில்லை, வேலைக்காரியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடாம், அந்த அம்மா ஒரு தடவைகூட உட்காரவில்லையாம். "பாவிங்க, ஒரு முக்காலியாவது போடக் கூடாதா" என்று டி.வி.யைப் பார்த்துத் திட்டுகிறாள்.

இதெல்லாம் போகட்டும், தலைவலி போய்த் திருகுவலி வந்தது சனிக்கிழமைகளில்தான். அன்றைக்கு எங்கள் ஹாலில் வாசிப்பு வட்டம். இவளோடு சேர்த்து எட்டுப் பேர். செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை ஆறு மாதமாக வாசிக்கிறார்கள், இன்னும் முன்னுரையே தாண்டவில்லை. ஒரு வரி படிப்பார்கள், மூன்று மணி நேரம் சண்டை போடுவார்கள். அதில் ஒரு தாடிக்காரப் பையன், யார் என்ன சொன்னாலும் "அது இருக்கட்டும் தோழர், ஆனா" என்றுதான் ஆரம்பிப்பான், டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும் அப்படித்தான். நல்ல பையன்தான், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான். ஒருநாள் நான் கடையிலிருந்து வந்ததும் எட்டுப் பேரும் எழுந்து, "உக்காருங்கப்பா" என்றார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பரவால்ல, நின்னே பழகிடுச்சு" என்றேன். மச்சான், அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிப் போனது. என் மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்பா நிப்பீங்க?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன். "கடையில நாற்காலியே இல்லையா?" எட்டு இருக்கு, வர்றவங்க உட்கார என்றேன். "உங்களுக்கு வர்க்க உணர்வே இல்லப்பா" என்றாள். "எனக்குக் கால்லயே உணர்வு இல்லம்மா, வர்க்கத்துல எங்க வரும்" என்றேன். நான் சிரித்தேன். எட்டுப் பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவளுக்குப் படம் வரையும் பொழுதுபோக்கும் உண்டு. மறுநாளிலிருந்து காலையில் நான் கிளம்பும் முன் ஒரு தாளில் என் காலை வைக்கச் சொல்லி நீலப் பென்சிலால் சுற்றி வரைவாள், திரும்பி வந்ததும் அதே தாளில் வைக்கச் சொல்லி சிவப்புப் பென்சிலால் வரைவாள். போஸ்டருக்கு என்றாள், நானும் வெள்ளந்தியாகக் காலை நீட்டினேன். இப்படி முப்பது நாள், என்னைப்போல ஊரில் பல பேர் காலையும் வரைகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். போன சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தால் ஹால் சுவர் முழுக்கப் பாதங்கள், கண்காட்சியாம். என்ன கண்காட்சி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்குத் தொழில் புத்தி விடுமா? பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்: "நீலம் எட்டு. சிவப்பு ஒன்பது, அகலக் கால். யாரும்மா இந்த ஆளு? பாவம், காலு இப்படி வீங்கியிருக்கு, ஒரு இடத்துல உக்காரவே மாட்டாரா?"

தங்கள் தங்கை சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் முதுகு குலுங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேற்று மனுஷன் கால் என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன், என் கால் என்று தெரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது மச்சான்.

அந்த நிமிஷமே தீர்மானம் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கடை திறந்ததும் எட்டுப் பேரும் வந்து எட்டு நாற்காலியிலும் உட்கார்ந்துவிடுவார்களாம். எனக்கு ஒரு நாற்காலி போடும்வரை ஒவ்வொரு ஜோடியாகப் போட்டுப் பார்ப்பார்களாம், வாங்க மாட்டார்களாம். சரி, அந்த டப்பாக்களை ஏணியில் ஏறி எடுப்பது யார்? நான்தானே! எனக்காகப் போராட்டம், அதில் எனக்கே கூடுதல் வேலை. இதைச் சொன்னால், "வரலாற்றுல இது சகஜம்" என்கிறான் தாடிக்காரன்.

ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும். நான் நாற்காலி கேட்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம், கேட்கவில்லை. ஒன்பது வருடம் முன்பு, கடையில் இருந்த குட்டி ஸ்டூலையும் தாங்கள், "நீங்க உக்காந்தா வியாபாரமும் உக்காந்துடும் மாப்ள" என்று மாடிக்கு அனுப்பினீர்களே, அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இன்றைக்கும் நான் நாற்காலி கேட்கவில்லை. அவள் என் பெண், கடை உங்கள் கடை, இரண்டுக்கும் நடுவில் நான் நிற்கிறேன், அவ்வளவுதான்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. தங்கள் குடும்பத்தார் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், தேயாத முட்டிகளோடும், காலையும் மாலையும் ஒரே அளவுள்ள பாதங்களோடும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்கு எப்போதும் காத்து நிற்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதை மறுநாள் காலை வீட்டில் எழுதுகிறேன். தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், துவைக்க எடுத்தபோது தங்கள் தங்கை பார்த்துவிட்டாள். உரக்கப் படித்தாள். "நாற்காலி கேக்கலைன்னு மூணு தடவை எழுதியிருக்கீங்களே, கேட்டாத்தான் என்ன?" என்றாள் தங்கள் தங்கை. நான் ஹால் சுவரில் இருந்த சிவப்புப் பாதங்களைப் பார்த்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டாம். திங்கட்கிழமை எட்டுப் பேர் இல்லை, ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் தங்கள் தங்கை. "மாப்பிள்ளைக்கு நாற்காலி போடாத வீடு எங்க அண்ணன் கடை மட்டுந்தான்" என்று சொல்லிக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டாள். அது என் பிரிவிலேயே இருக்குமாம், வீட்டுக்குத் திரும்பி வராதாம். அன்றைக்கு நான் அதில் உட்கார்ந்திருப்பேன் என்பதால், ஒன்பது பேருக்கும் டப்பா எடுத்துக் காட்டத் தாங்கள்தான் எழுந்து வர வேண்டியிருக்கும். ஏணியின் மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறவும். இந்தப் பின்குறிப்பை மட்டும் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள், மச்சான்.